பிளாஸ்க் என்று எழுதினால் மட்டும் போதுமா?

கேள்வி: இணையத்தில் ‘ஹாட் அண்ட் கோல்ட் பாட்டில்’ என்று விற்கப்பட்ட ஒன்றைப் பிளாஸ்க் என்று நம்பி வாங்கினேன். காலையில் ஊற்றும் வெந்நீர் மூன்று மணி நேரத்தில் வெதுவெதுப்பாகிவிடுகிறது. விற்றவருக்குப் புகார் எழுத வேண்டும். பிளாஸ்க், தெர்மாஸ், வெப்பக் குடுவை, வெற்றிடக் குடுவை ஆகியவற்றுள் எந்தச் சொல்லை எழுதுவது சரி?

பதில்: பிளாஸ்க் என்றே எழுதுங்கள். ‘காபியைப் பிளாஸ்க்கில் ஊற்றி வை’, ‘பிளாஸ்க்கை நன்றாகத் திருகி மூடு’ என்றுதான் நாம் பேசுகிறோம். ‘வெப்பக் குடுவையில் ஊற்றி வை’ என்று எந்த வீட்டிலும் யாரும் சொல்வதில்லை. வெப்பக் குடுவை, வெற்றிடக் குடுவை ஆகியவை பாடநூலில் பழகிய சொற்கள். அவற்றில் பிழை எதுவும் இல்லை என்றாலும், புகாரைப் படிப்பவர் ஒரு நொடி தயங்கும்படி எழுதுவானேன்? பிளாஸ்க்கில், பிளாஸ்கில் என்னும் இரண்டு வடிவங்களும் அச்சில் வருகின்றன. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

ஆனால் உங்கள் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழில் பிளாஸ்க் என்றாலே சூடு தாங்குவது என்று பொருள்படும். ஆங்கிலத்தில் அந்தச் சொல் ஆய்வகக் கண்ணாடிக் குடுவை உட்படப் பலவற்றுக்கும் பொது. ஆகவே அந்தச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு விற்றவர் வாக்குத் தவறினார் என்று நிறுவ முடியாது. உங்கள் விஷயத்தில் அவர் பிளாஸ்க் என்றுகூட எழுதவில்லை. விளம்பரத்தில் ‘வேக்குவம்’ அல்லது ‘வெற்றிடம்’ என்ற சொல் இருந்ததா என்று முதலில் பாருங்கள். ‘டபுள் வால்’, ‘இன்சுலேட்டட்’ ஆகிய சொற்கள் இரண்டு சுவர்கள் உண்டு, ஏதோ ஒரு காப்பு உண்டு என்று மட்டுமே சொல்கின்றன. அந்தச் சுவர்களுக்கு நடுவே வெறும் காற்றோ நுரைப் பொருளோ இருந்தாலும் அவை பொய்யாகிவிடுவதில்லை. உண்மையான பிளாஸ்க்கில் அந்த இடைவெளியிலிருந்து காற்று வெளியேற்றப்பட்டிருக்கும்; வெப்பத்தைக் கடத்திச் செல்லவோ சுழன்று எடுத்துச் செல்லவோ அங்கே பொருளே இராது. கதிர்வீச்சாக எஞ்சும் வெப்பத்தையும், கண்ணாடிப் பிளாஸ்க்காக இருந்தால், வெள்ளிப் பூச்சு பெருமளவு திருப்பி அனுப்பிவிடும்.

எழுதுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கொதிக்கும் நீரை ஊற்றி, மூடி, பத்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தை விரல் நுனியால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். கழுத்தும் மூடியும் சற்றுச் சூடாக இருப்பது இயல்பு, ஏனெனில் உள்சுவரும் வெளிச்சுவரும் அங்கேதான் இணைகின்றன. நடுப்பகுதியோ அடிப்பகுதியோ சுட்டால், வெற்றிடம் இல்லை அல்லது இருந்தது போய்விட்டது என்று கொள்ளலாம். அதன் பிறகு இப்படி எழுதலாம்: ‘உங்களிடம் வாங்கிய பிளாஸ்க்கில் காலை 7 மணிக்குக் கொதிநீரை நிரப்பி மூடினேன். பத்து நிமிடத்தில் அதன் அடிப்பகுதி வெளியே சுட்டது. 10 மணிக்குள் நீர் வெதுவெதுப்பாகிவிட்டது. 12 மணி நேரம் சூடு தாங்கும் என்று உங்கள் விற்பனைப் பக்கத்தில் உள்ளது. அதன் படத்தை இணைத்துள்ளேன். பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தர வேண்டுகிறேன்.’ மணிக்கணக்கை உங்கள் விளம்பரத்தில் உள்ளபடி மாற்றிக்கொள்ளுங்கள். ‘நீங்கள் அனுப்பிய பிளாஸ்க் படுமட்டம்’ என்ற வாக்கியத்தில் கோபம் மட்டுமே இருக்கிறது, விற்றவர் பதில் சொல்லியாக வேண்டிய செய்தி எதுவும் இல்லை.

கேள்வி: கடைக்காரர் ரசீதில் ‘தெர்மாஸ்’ என்று எழுதிக் கொடுத்தார். பெட்டியில் வேறு நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஜேம்ஸ் டூவர் என்ற அறிவியலர் 1892இல் லண்டனில் இந்தக் கலத்தை உருவாக்கியது திரவமாக்கிய வாயுக்களைக் குளிர் குறையாமல் வைத்திருக்கத்தான். காபி பிற்பாடு வந்து சேர்ந்தது. அவர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. வீட்டுப் பயன்பாட்டுக்கு அதைச் செய்து விற்ற ஜெர்மானியர்கள் 1904இல் தெர்மாஸ் என்று பெயரிட்டார்கள். வெப்பத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பிறகு எல்லா நிறுவனங்களின் பொருளையும் மக்கள் அதே பெயரால் அழைக்கவே, அது பொதுச்சொல்லாகிவிட்டது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 1963இல் ஏற்றுக்கொண்டது. அந்தத் தீர்ப்பு அந்த நாட்டுக்கு மட்டும் உரியது. அந்தப் பெயரில் நிறுவனம் இன்றும் உண்டு. உங்கள் கடைக்காரர் பேச்சு வழக்கில் எழுதியிருக்கிறார். அந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்று வாயால் சொல்லி அதற்குரிய விலையை வாங்கியிருந்தால் மட்டும் நீங்கள் கேள்வி கேட்கலாம். பின்னர் உத்தரவாதம் கோர நேரிட்டால் சிக்கல் வராமலிருக்க, பெட்டியில் உள்ள பெயரையும் மாடல் எண்ணையும் ரசீதில் சேர்த்து எழுதித் தரும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘24 மணி நேரம் சூடு’ என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பலாமா?

பதில்: எத்தனை டிகிரி சூடு என்று போட்டிராவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. குளிர்ந்த அறையில் 40 டிகிரி செல்சியஸ் நீரும் கைக்குச் சூடுதான். ஜப்பானியத் தயாரிப்புகள் பலவற்றில், இத்தனை மணி நேரத்துக்குப் பிறகு இத்தனை டிகிரிக்குக் குறையாது என்று அச்சிட்டிருப்பார்கள். அப்படி எழுதியிருப்பதைத் தேடி வாங்குங்கள். அரைவாசி நிரப்பினாலும் அடிக்கடி திறந்தாலும் எந்தப் பிளாஸ்க்கும் அந்த எண்ணை எட்டாது.

கேள்வி: கண்ணாடி உட்புறம் உள்ளதை வாங்குவதா, எவர்சில்வரை வாங்குவதா?

பதில்: ஒரே இடத்தில் வைத்துப் பயன்படுத்துவதற்குக் கண்ணாடி நல்லது; முதல் நாள் காபியின் வாசனை மறுநாள் பாலில் ஏறாது. பயணத்துக்கு எவர்சில்வரே ஏற்றது. கண்ணாடிப் பிளாஸ்க்கை வாங்கும்போது காதருகே வைத்து மெல்ல அசைத்துப் பாருங்கள். சலசலவென்று சில்லுச் சத்தம் கேட்டால் உள்ளே உடைந்திருக்கிறது. பழையதிலும் அந்தச் சத்தம் கேட்டால், அதில் இருப்பதை வடிகட்டிக்கூடக் குடிக்க வேண்டாம். எவர்சில்வர் இப்படிச் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்காது. கீழே விழுந்து நசுங்கியபின் பார்வைக்கு முழுசாகவே இருக்கும், ஆனால் வெற்றிடம் போயிருக்கலாம். மேலே சொன்ன கொதிநீர்ச் சோதனைதான் அதற்கும். சில தயாரிப்புகளில் அடியில் உள்ள காற்று வெளியேற்றும் துளையை ஈயம் கலந்த பொருளால் அடைத்து, அதன்மேல் தகடு பதித்திருப்பார்கள். தகடு இருக்கும்வரை கவலையில்லை; அது பெயர்ந்து வந்துவிட்டால் அந்தப் பிளாஸ்க்கைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, உத்தரவாதத்தின் கீழ் மாற்றித் தரும்படி கேளுங்கள்.

கேள்வி: குழந்தைக்கான பாலைக் காலையில் பிளாஸ்க்கில் ஊற்றி மாலைவரை கொடுக்கலாமா?

பதில்: கூடாது. பிளாஸ்க் புதிதாகச் சூடாக்குவதில்லை, ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது. பால் மெல்ல மெல்ல இறங்கி வரும் அந்த இளஞ்சூடுதான் கிருமிகள் பெருகத் தோதான நிலை. வெந்நீரைப் பிளாஸ்க்கில் தனியாக எடுத்துச் சென்று, பால்பொடியை அவ்வப்போது கலந்து, ஆற்றிக் கொடுங்கள்.