எட்டு போட்டால் ஐந்தே முக்கால்: லினக்ஸில் ரேம் எங்கே போகிறது?

(கட்டளைகளை உச்சரிப்பில் தந்திருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்கவும்.)

கேள்வி: என்னுடையது ஏஎம்டி ரைசன் 3 லேப்டாப். போர்டிலேயே பற்றவைத்த 4 ஜிபி ரேம் இருந்தது. காலி ஸ்லாட்டில் இன்னொரு 4 ஜிபி வாங்கிப் போட்டேன். முன்பு லினக்ஸ் மின்ட் 3.4 காட்டியது, இப்போது 5.7 தான் காட்டுகிறது. கடையில் கேட்டால், "லினக்ஸ் அப்படித்தான், விண்டோஸ் போடுங்கள்" என்கிறார்கள். மீதி எங்கே?

பதில்: விண்டோஸ் போட்டாலும் மீதி திரும்பாது. 8 ஜிபி என்று எழுதி, பக்கத்திலேயே 5.7 தான் பயன்படும் என்று அடைப்புக்குறிக்குள் போட்டுக் காட்டும், அவ்வளவுதான்.

முதலில் 'சூடோ டிஎம்ஐடிகோட் -டி மெமரி' (sudo dmidecode -t memory) கொடுங்கள். இதில் வருவது லினக்ஸ் போட்ட கணக்கு இல்லை, பயாஸ் (லேப்டாப்பைப் போட்டதும் முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்த மென்பொருள்) எழுதிவைத்த பட்டியல். 'சைஸ்' என்ற வரியில் இரண்டு இடத்திலும் 4 ஜிபி வந்தால் ரேம் முழுதாக உட்கார்ந்திருக்கிறது. கடைக்காரர் மேல் சந்தேகம் வேண்டாம். ஓர் இடத்தில் 'நோ மாட்யூல் இன்ஸ்டால்ட்' என்று வந்தால் கோளாறு ஸ்லாட்டிலோ ரேமிலோ.

உங்கள் எண்களைப் பார்த்தால் இரண்டுமே தெரிகின்றன என்றுதான் தோன்றுகிறது. 2 ஜிபியை எடுத்துக்கொண்டது கிராஃபிக்ஸ். ரைசனில் உள்ளடங்கிய கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது. பயாஸ் மெயின் ரேமிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒதுக்கிவிட்டுத்தான் லினக்ஸை எழுப்புகிறது. சில பயாஸ்களில் இந்த ஒதுக்கீடு 'ஆட்டோ'வில் இருக்கும். 4 ஜிபி இருக்கும்போது 512 எம்பி எடுத்தது, 8 ஆனதும் 2 ஜிபி எடுத்துக்கொள்ளும். புது ரேமில் பாதி காணாமல் போனதுபோலத் தெரிவது இதனால்தான். உறுதிப்படுத்த, 'சூடோ டிமெசெக்' (sudo dmesg) கட்டளை காட்டும் வரிகளில் 'வீரேம்' (VRAM, கிராஃபிக்ஸ் நினைவகம்) என்ற சொல்லைத் தேடுங்கள். 'டிடெக்டட் வீரேம் ரேம்=2048எம்' என்று ஒரு வரி இருந்தால் திருடன் அகப்பட்டான்.

பயாஸில் நுழைந்து 'யூஎம்ஏ ஃப்ரேம் பஃபர் சைஸ்' என்ற அமைப்பை 512 எம்பிக்குக் குறையுங்கள். உலாவி, வீடியோ, ஆபீஸ் வேலைக்கு அது போதும். கூடுதலாகத் தேவைப்பட்டால் டிரைவர் பொது ரேமில் கடன் வாங்கித் திருப்பிக் கொடுத்துவிடும். விளையாட்டுப் பிரியர் என்றால் 2 ஜிபியைத் தொடாதீர்கள். சில லேப்டாப்களில் இந்த அமைப்பை மறைத்தே வைத்திருப்பார்கள். பயாஸ் அப்டேட்டில் வருகிறதா என்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

8இல் 2 போனால் 6 அல்லவா, 5.7 ஏன்? ரேமை 4 கேபி பக்கங்களாகப் பிரித்து, பக்கத்துக்கு 64 பைட் வீதம் கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) ஒரு பேரேடு வைத்திருக்கிறது. 6 ஜிபிக்கு அதுவே 96 எம்பி. பாக்கி, கெர்னலும் பயாஸின் சொந்த ஒதுக்கீடும்.

ஒருவேளை ஸ்லாட் காலி என்று வந்தால்: லேப்டாப்பை அணைத்து, சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். ரேமைச் சுமார் 30 டிகிரி சாய்வில் செருக வேண்டும். தங்கப் பற்கள் அநேகமாக முழுதும் ஸ்லாட்டுக்குள் மறைந்த பிறகே கீழே அழுத்துங்கள். இரண்டு பக்கக் கொக்கியும் 'டிக்' என்று பிடிக்க வேண்டும். பற்கள் ஒரு கோடளவு வெளியே தெரியும்போதே அழுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு: கொக்கி மாட்டிவிடும், ரேம் தெரியாது.

கேள்வி: 8 ஜிபியில் 'ஃப்ரீ' கட்டளை 240 எம்பிதான் மிச்சம் என்கிறது. எதுவும் திறக்கவில்லையே?

பதில்: தவறான பத்தியைப் பார்க்கிறீர்கள். கடைசியில் இருக்கும் 'அவைலபிள்' பத்திதான் கணக்கு. டிஸ்கில் படித்த கோப்புகளை லினக்ஸ் சும்மா கிடக்கும் ரேமில் வைத்துக்கொள்ளும். நிரல் கேட்டால் உடனே காலி செய்துகொடுக்கும். இந்த மதிப்பீட்டைக் கெர்னல் 2014இல் வந்த 3.14 பதிப்பிலிருந்து தானே தருகிறது. இப்படிச் சேர்த்து வைத்த கேஷைத் துடைக்கும் கட்டளையைத் தினமும் ஓட்டச் சொல்லும் யூடியூப் யோசனை வேண்டாம், துடைத்ததை மறுபடி டிஸ்கிலிருந்து படிக்க நேரம்தான் விரயம். 'அவைலபிள்' எண்ணே நாளுக்கு நாள் இறங்கினால் மட்டும், கெர்னல் தனக்காகப் பிடித்துவைத்த ரேமைக் காட்டும் 'ஸ்லாப்டாப்' ஓட்டுங்கள். 'டிஎஃப் -எச்' (df -h) கொடுத்து டிஎம்பிஎஃப்எஸ் (tmpfs) பகுதிகள் நிரம்பியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். அங்கே போடும் கோப்பு ரேமில்தான் உட்காருகிறது.

கேள்வி: பழைய கோர் 2 டுவோ லேப்டாப்பில் இரண்டு 2 ஜிபி ரேம். லினக்ஸ் 3 ஜிபிதான் காட்டுகிறது. 64 பிட் போட்டால் சரியாகுமா?

பதில்: 'யூநேம் -எம்' கொடுங்கள். ஐ686 என்று வந்தால் 32 பிட் கெர்னல். 64 பிட்டுக்கு மாறிப் பார்க்கலாம். ஆனால் அதற்கு முன் 'எல்எஸ்பிசிஐ' பட்டியலில் இன்டெல் 945 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சிரமப்பட வேண்டாம். அந்தச் சிப்செட்டின் முகவரி எல்லையே 4 ஜிபி. அந்த முகவரிகளின் மேல்பகுதியைச் சாதனங்களுக்குக் கொடுத்துவிட்டு, அடியில் சிக்கிய ரேமை வேறு முகவரிக்கு மாற்ற அதற்குத் தெரியாது. 3 ஜிபிக்குச் சற்று மேலே, அதற்குமேல் எந்த லினக்ஸும் எடுத்துத் தராது.