ஜப்பானிய மரஅச்சுப் பெண்கள்: முதலில் முதுகைப் பாருங்கள்

கேள்வி: மூன்று வருடம் டோக்கியோவில் வேலை பார்த்துவிட்டுக் கோவை திரும்பினேன். கிளம்பும் முன் ஜிம்போச்சோவில் ஒரு பழைய புத்தகக் கடையில், பிரேம் போட்ட இரண்டு படங்கள் வாங்கினேன். ஒன்றில் மூன்று பெண்களின் முகங்கள், உட்டமாரோ வரைந்ததாம். இன்னொன்றில் ஒருத்தி நீளக் கூந்தலை வாருகிறாள், கோயோ வரைந்தது என்றார் கடைக்காரர். ‘ஃபுக்கோகு’ என்றும் ஏதோ சொன்னார். வீட்டுக்கு வந்த நண்பர் ‘ஒரிஜினல்னா லட்சக்கணக்கில் போகும்’ என்கிறார். கணவரோ ‘காலண்டர் படம்’ என்கிறார். யார் சொல்வது சரி? ஹாலில் மாட்டலாமா? தலைவாரும் பெண்ணைச் சுற்றிப் பழுப்பாக ஒரு கோடு விழுந்திருக்கிறது, அதை என்ன செய்வது?

பதில்: கடைக்காரர் நேர்மையானவர், பதிலை அவரே சொல்லிவிட்டார். ஃபுக்கோகு என்றால் மறுபதிப்பு. ஆனால் அதிலேயே இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, பழைய படத்தைப் பார்த்து மரக்கட்டையில் புதிதாகச் செதுக்கிக் கையால் அச்சிட்டது. மற்றது, புகைப்படம் எடுத்து ஆப்செட்டில் அடித்தது. உங்களுடையது முதல் ஜாதியாக இருந்தால் கணவர் தோற்றார். நண்பர் எப்படியும் தோற்றார்.

உட்டமாரோவின் அசல் அச்சு என்றால் விலை உண்மையிலேயே எங்கோ போகும். 2016இல் பாரிஸில் அவருடைய ஒரு பெண் முகம் 7 லட்சம் யூரோவைத் தாண்டி ஏலம் போனது.

உங்கள் முதல் படம் 1793 வாக்கில் வந்த ‘இக்கால அழகிகள் மூவர்’ஆகத்தான் இருக்கும். நடுவில் இருப்பவர் டொயோஹினா என்ற இசைக்கலைஞர். மற்ற இருவரில் ஓகிட்டா, அசகுசா கோயிலருகே டீக்கடையில் பரிமாறியவர். ஓஹிசா அரிசி முறுக்குக் கடைக்காரர் வீட்டுப் பெண். மூன்று முகமும் முதலில் ஒரே அச்சாகத் தெரியும், மூக்கையும் புருவத்தையும் நிதானமாகப் பார்த்தால்தான் வேறுபாடு பிடிபடும். உடையிலும் விசிறியிலும் உள்ள சின்னங்கள் அன்றைய எடோ (டோக்கியோவின் பழைய பெயர்) நகரத்துக்காரர்களுக்கு யார் யார் என்று சொல்லிவிடும்.

இதில் ‘ஒரிஜினல் ஓவியம்’ என்று ஒன்றைத் தேடாதீர்கள். ஓவியர் மெல்லிய தாளில் கோடு மட்டும் வரைவார். அந்தத் தாளைச் செர்ரி மரப்பலகையில் குப்புற ஒட்டி, செதுக்குபவர் அதோடு சேர்த்தே செதுக்குவார். வரைந்த படம் அங்கேயே அழிந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிப் பலகை, அச்சிட வேறொருவர், முதல் போட்டு விற்கப் பதிப்பாளர். இந்தப் படத்துக்குப் பதிப்பாளர் ட்சுதாயா ஜுசாபுரோ. நல்ல ஃபுக்கோகுவும் இதே கைவேலைதான். டோக்கியோவில் அடாச்சி போன்ற பட்டறைகள் இன்றும் செய்கின்றன. தலைவாரும் பெண்ணை 1920இல் தந்த ஹாஷிகுச்சி கோயோவே பழைய அச்சுகளின் மறுபதிப்புகளை மேற்பார்வையிட்டவர்தான். அதனால் ‘போலி’ என்ற சொல்லை நான் இங்கே சேர்க்கமாட்டேன்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். கன்னத்திலோ உடையிலோ வைத்துப் பாருங்கள். செய்தித்தாள் படம்போல வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் ஆப்செட், கதை முடிந்தது. நிறம் புள்ளியில்லாமல் சீராக நார்களுக்குள் இறங்கியிருந்தால் கட்டை அச்சு. கூந்தல் நெற்றியைத் தொடும் இடத்தையும் பாருங்கள். அங்கே ஒரு மில்லிமீட்டருக்குள் இரண்டு மூன்று மயிரிழைகளைத் தனித்தனியாகச் செதுக்கியிருப்பார்கள். செதுக்குபவரின் கை தெரிவது அங்கேதான்.

முக்கியமான சாட்சி பின்பக்கம். தாளை மைபூசிய பலகைமேல் வைத்து, முதுகில் ‘பாரென்’ என்ற வட்டத் தேய்ப்பானால் அழுத்தித் தேய்ப்பார்கள். அதனால் நிறம் பின்பக்கம் கசிந்திருக்கும், தேய்த்த தடமும் சாய்வெளிச்சத்தில் தெரியும். ஆப்செட்டில் முதுகு வெறும் வெள்ளை. அளவும் உதவும்: உட்டமாரோ படம் ஏறத்தாழ 39க்கு 26 சென்டிமீட்டர் இருக்க வேண்டும்.

ஓவியரின் கையெழுத்தையோ பதிப்பாளர் முத்திரையையோ நம்பி முடிவு செய்யாதீர்கள். அவையும் பலகையில் செதுக்கப்பட்டவை, மறுபதிப்பிலும் அப்படியே வரும்.

ஹாலில் தாராளமாக மாட்டலாம், ஆனால் ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம். இந்த அச்சுகளுக்கு எதிரி வெளிச்சம்தான். பழைய அச்சுகளில் பூவிலிருந்து எடுத்த நீலமும் குசும்பாப்பூச் சிவப்பும் சீக்கிரம் வெளுத்துவிட்டன. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு 1921இல் ஸ்பால்டிங் சகோதரர்கள் ஆயிரக்கணக்கான அச்சுகளைக் கொடுத்தபோது, ஒருபோதும் காட்சிக்கு வைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். அவற்றின் நிறம் இன்றும் பிழைத்திருப்பது அதனால்தான். (பார்க்கக் கூடாத படத்தை வைத்து என்ன செய்வது என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.) நீங்கள் அந்தளவு போக வேண்டாம். புறஊதாக்கதிர் தடுக்கும் கண்ணாடி போதும். மழைக்கு ஈரம் வாங்கும் சுவரையும் தவிருங்கள்.

அந்தப் பழுப்புக் கோடு, படத்தைச் சுற்றி வைக்கும் மலிவான மவுண்ட் அட்டையின் அமிலம் தாளைச் சுட்ட அடையாளம். பின்னால் ஹார்ட்போர்டோ பிளைவுட்டோ இருந்தால் அதுவும் கூட்டாளி. பிரேம் கடையில் கொடுத்து அமிலமில்லாத அட்டைக்கு மாற்றுங்கள். படம் கண்ணாடியைத் தொடக் கூடாது. செல்லோடேப், ஃபெவிகால் இரண்டும் கூடவே கூடாது. ஒரு முறை பிரேம் கடைக்காரரை நம்பிவிட்டு வந்து, நான்கு மூலையிலும் டேப் ஒட்டிய படத்தை வாங்கியவன் நான், அதனால் பக்கத்திலேயே நில்லுங்கள். மேல்விளிம்பில் இரண்டு இடத்தில் மட்டும் ஜப்பானியத் தாள் துண்டை மாவுப்பசையால் ஒட்டித் தொங்கவிட வேண்டும். பிரேமைத் திறக்கும்போது படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காமல் அப்படியே மூடி, தாள் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

கோட்டைத் துடைக்கவோ வெளுக்கவோ முயலாதீர்கள், நிறமும் சேர்ந்து போகும். புது மவுண்ட்டின் திறப்பை நான்கு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் குறுக்கி வெட்டச் சொன்னாலே கோடு உள்ளே மறைந்துவிடும். கையெழுத்து மட்டும் வெளியே தெரிகிறதா என்று அட்டையை வெட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.