விளக்கெண்ணெய் மெழுகாவது எப்படி?

கேள்வி: விளக்கெண்ணெயிலிருந்து கெட்டியான மெழுகு, கிரீஸ், பெயின்ட்டுக்கான எண்ணெய் ஆகியவற்றைத் தயாரிக்கிறார்கள் என்று படித்தேன். கடலை எண்ணெயில் இல்லாத எந்தக் குணம் இதில் இருக்கிறது?
– வாசகர், ஆத்தூர் (சேலம் மாவட்டம்)

பதில்: ஆமணக்கு விளையும் பகுதியிலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பது மகிழ்ச்சி தருகிறது. விளக்கெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் 85 முதல் 90 விழுக்காடு வரை ரிசினோலியிக் அமிலம் என்ற ஒன்றே. 18 கார்பன் அணுக்கள் கொண்ட அதன் சங்கிலியில், ஒன்பதாவது கார்பனை அடுத்து ஓர் இரட்டைப் பிணைப்பும், பன்னிரண்டாவது கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியும் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் இணைந்த OH) உள்ளன. கடலை எண்ணெயில் இல்லாதது இந்த ஹைட்ராக்சில்தான். மூலக்கூறுகள் அதன் வழியே ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொள்வதால், விளக்கெண்ணெய் மற்றச் சமையல் எண்ணெய்களைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பிசுபிசுப்பாக இருக்கிறது. அவை எளிதில் கரையாத ஆல்கஹாலிலும் நன்றாகக் கரைகிறது.

நிக்கல் வினையூக்கியின் துணையுடன் அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்தினால், இரட்டைப் பிணைப்பு நிரம்பி, எண்ணெய் சுமார் 86 டிகிரி செல்சியசில் உருகும் வெண்ணிற மெழுகாகிறது. சோயா எண்ணெயை முழுமையாக ஹைட்ரஜனேற்றம் செய்தாலும் அதன் உருகுநிலை 70 டிகிரியை ஒட்டியே நிற்கும். கூடுதல் வெப்பத்தைத் தாங்கும் வலிமை ஹைட்ராக்சில் தந்தது. ஆகவே ஹைட்ரஜனேற்றத்தின்போது அந்தத் தொகுதி சிதையாமல் காப்பதே தயாரிப்பாளரின் உண்மையான திறமை என்பேன். இந்த மெழுகிலிருந்து பெறப்படும் அமிலத்தை லித்தியம் ஹைட்ராக்சைடுடன் சேர்த்துக் கிடைக்கும் சோப்புதான், வண்டிச் சக்கரங்களின் பேரிங்குகளுக்கு இடும் லித்தியம் கிரீசைக் கெட்டியாக வைத்திருக்கிறது.

பெயின்ட்டுக்கு நேர்மாறான வழி. எண்ணெயை அமில வினையூக்கியுடன் 250 டிகிரி அளவில் வெற்றிடத்தில் சூடாக்கினால், ஹைட்ராக்சில் பக்கத்து ஹைட்ரஜனோடு நீராக வெளியேறி, அந்த இடத்தில் இரண்டாவது இரட்டைப் பிணைப்பு உருவாகிறது. உலராத எண்ணெய் காற்றில் உலர்ந்து படலமாகும் எண்ணெயாக மாறுகிறது. ஆளிவிதை எண்ணெயில் மிகுந்துள்ள லினோலெனிக் அமிலம் இதில் இல்லாததால், வெள்ளைப் பூச்சு நாளடைவில் மஞ்சளாவதும் குறைவு.

சாயத் தொழிலில் புழங்கும் டர்க்கி ரெட் ஆயிலும் விளக்கெண்ணெயின் பிள்ளையே: குளிர்ந்த நிலையில் அதனுடன் கந்தக அமிலத்தைச் சேர்த்து, கழுவி, காரத்தால் நடுநிலையாக்கினால், நீரில் கலக்கும் எண்ணெய் கிடைக்கிறது.

கேள்வி: நீர் நீக்கிய ஆமணக்கு எண்ணெயை வாங்கும்போது ஆய்வறிக்கையில் எதைப் பார்க்க வேண்டும்?
– சிறு பெயின்ட் தயாரிப்பாளர், கோவை

பதில்: ஹைட்ராக்சிலை நீராக வெளியேற்றிப் பெறும், மேலே சொன்ன பெயின்ட் எண்ணெய்தான் இது. முதலில், இரட்டைப் பிணைப்புகளின் அளவைக் காட்டும் அயோடின் எண். மூல எண்ணெயில் 82 முதல் 90 வரை இருக்கும் அது, நீர் நீக்கத்துக்குப் பின் 125-க்கு மேல் உயர்ந்திருக்க வேண்டும். அடுத்து, ஹைட்ராக்சில் தொகுதிகளின் அளவைக் காட்டும் ஹைட்ராக்சில் எண். மூல எண்ணெயில் 160-க்கு மேல் உள்ள இது வெகுவாகக் குறைந்திராவிட்டால் வினை பாதியில் நின்றுவிட்டது என்று பொருள், அத்தகைய எண்ணெயில் செய்த படலம் ஒட்டும் பிசுபிசுப்புடனே இருக்கும். அமில எண்ணும் (தனித்து நிற்கும் அமிலத்தின் அளவு) பாகுநிலையும் (ஓட்டத்தை எதிர்க்கும் தன்மை) சரியாக இருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.