ரிசப்ஷன் ஜூஸ் கவுண்டர்: கேளுங்கள், சொல்கிறேன்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்களுக்கு ஜூஸ் கவுண்டர் தொழில். ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் மண்டபங்களில் வெல்கம் டிரிங்கில் தொடங்கி கடைசியில் தரும் மசாலா பால் வரை நாங்கள்தான். தை பிறந்ததும் எல்லாரும் ஒரே கேள்வியைத் தனித்தனியாக போன் போட்டுக் கேட்கிறீர்கள், அதனால் மொத்தமாக இங்கே. சாப்பாட்டு மெனு கேட்காதீர்கள், அது என் வேலை இல்லை.

கொருக்குப்பேட்டை, பெண்ணின் அண்ணன்: அக்கா, ரிசப்ஷனுக்கு 600 பேர் வருவார்கள். காண்ட்ராக்டர் பன்னிரண்டு வகை மாக்டெயில் கார்டு கொடுத்திருக்கிறார். எதைச் சொல்வது, எவ்வளவு சொல்வது?

தம்பி, அந்தப் பன்னிரண்டில் பாதிக்கு மேல் ஒரே ஜூஸ்தான். லெமன், சோடா, ஐஸ், அதற்கு மேல் ஒரு மூடி சிரப். கலர் மாறினால் பேர் மாறும், ரேட்டும் மாறும். மூன்று வகை போதும்: பாலில் ஒன்று, புளிப்பாக ஒன்று, சர்க்கரை இல்லாமல் ஒன்று. ரோஸ் மில்க், நன்னாரி லெமன், நீர்மோர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிசப்ஷன் கூட்டம் ஆறரைக்கு வராது. ஏழரையிலிருந்து எட்டரைக்குள் மொத்தமாக வந்து இறங்கும். அந்த நேரத்தில் ஒரு பையன் ஒவ்வொரு கிளாஸாகக் குலுக்கிக்கொண்டு நின்றால் வரிசை மேடை வரைக்கும் போகும், பெரியவர்கள் எதுவும் குடிக்காமலே பந்திக்குப் போய்விடுவார்கள்.

அளவு சொல்கிறேன். கப்புக்கு 100 மில்லி. எடுக்காதவர்களும் இரண்டு எடுப்பவர்களும் சரிக்குச் சரி போய்விடுவார்கள், அதனால் 600 கப், மொத்தம் 60 லிட்டர். தை மாதம் என்றால் ரோஸ் மில்க் 30, லெமன் 20, மோர் 10. சித்திரை, வைகாசியில் மோரை 20 ஆக்கி ரோஸ் மில்க்கைக் குறையுங்கள். நல்ல பெரிய எலுமிச்சை ஒன்றில் சுமார் 30 மில்லி சாறு வரும், கப்புக்கு 10 மில்லி போதும். ஆக 200 கப்புக்கு எழுபது பழம் கணக்கு, நான் தொண்ணூறு வாங்குவேன், கோயம்பேட்டில் மூட்டை எடுத்தால் அடியில் நாலு சொத்தை இருக்கத்தான் செய்யும். பிழிவது அன்று சாயங்காலம்தான். தோலையும் கொட்டையையும் சேர்த்து நசுக்கினால் கசந்துவிடும்.

ரோஸ் மில்க்குக்குப் பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் சிரப் ஊற்ற வேண்டும். வெதுவெதுப்பான பாலில் ஐஸை அள்ளிப் போட்டுக் குளிர வைக்கிற ஆளைப் பார்த்தால் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். சிரப் பாட்டிலை சீல் உடையாமல் நீங்களே வாங்கிக் கொடுங்கள். கண்ணைப் பறிக்கிற பிங்க் கலரில் பெயர் இல்லாத கேனில் வந்தால் வேண்டாம். 2024 பிப்ரவரியில் நம் மாநிலத்தில் பஞ்சு மிட்டாயைத் தடை செய்தார்களே, அதில் பிடிபட்டது ரோடமின் பி, துணிக்குப் போடுகிற சாயம். யார் கேனில் எது இருக்கிறது என்று நாக்குக்குத் தெரியாது.

கடைசியாக, ஐஸ் யார் கொண்டு வருகிறார்கள், எங்கிருந்து என்று கேளுங்கள். மீன் ஐஸ், அதாவது மீன் கெடாமல் இருக்கப் போடுகிற பாள ஐஸ், வேண்டவே வேண்டாம். சீல் போட்ட பாக்கெட் ஐஸ் வாங்குங்கள்.

வியாசர்பாடி, மாப்பிள்ளையின் நண்பன்: அக்கா, மண்டபத்திலேயே ஒரு ஓரமாக சரக்கு கவுண்டர் போட்டுத் தர முடியுமா?

முடியாது. மண்டபத்தில் சரக்கு பரிமாற அனுமதி கிடையாது. 2023 ஏப்ரலில் சிறப்பு உரிமம் வாங்கிக் கல்யாண மண்டபத்திலும் பரிமாறலாம் என்று அரசு ஒரு விதித்திருத்தம் கொண்டுவந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மண்டபத்தை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். பாதிப் பேருக்கு முதல் செய்தி மட்டும் ஞாபகம் இருக்கிறது, இரண்டாவது காதில் விழவில்லை. வேண்டும் என்றால் பார் உரிமம் உள்ள நட்சத்திர ஹோட்டலில் ஹால் எடுங்கள், ஊற்றுவது அவர்கள் பொறுப்பு. அங்கேயும் 21 வயது ஆகாத பையன்களுக்குத் தர மாட்டார்கள்.

பெரம்பூர், மணமகள்: எங்கள் வீட்டில் கிளாஸைத் தூக்கி மணமக்களை வாழ்த்தி டோஸ்ட் சொல்வது வழக்கம். பாட்டி போடும் திராட்சை வைன் வைக்கலாமா?

பாட்டிக்கு என் வணக்கம், ஆனால் ஈஸ்ட் போட்டு நாள் கணக்கில் ஊறவைத்தது ஆல்கஹால்தான், வீட்டில் செய்தாலும் சட்டத்துக்கு அது மதுதான். ஜிஞ்சர் வைன் வையுங்கள். இஞ்சி, கிராம்பு, பட்டை, ஒரு காய்ந்த மிளகாய் கொதிக்கவைத்து வடிகட்டி, சர்க்கரைப் பாகும் எலுமிச்சையும் சேர்த்து, நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரை. நொதிக்க விடாமல் காய்ச்சி உடனே குளிரவைப்பதால் போதை இல்லை. தொண்டையில் இறங்கும்போது ஒரு சூடு இருக்கும், டோஸ்ட் சொல்கிற மாமாவுக்கு அது போதும். சின்ன கிளாஸில் 40 மில்லி ஊற்றுங்கள், அதற்கு மேல் யாரும் குடிக்க மாட்டார்கள்.

மண்ணடி, பெண்ணின் மாமா: மெனுவில் ப்ளூ குராசோ, மோஹிட்டோ என்று போட்டிருக்கிறது. மது இருக்குமா?

இரண்டும் பிறந்தது மதுவாகத்தான் பாய். குராசோ ஆரஞ்சுத் தோலில் செய்கிற லிக்கர், மோஹிட்டோவில் ரம் உண்டு. ஜூஸ் கவுண்டருக்கு வருவது மது இல்லாத சிரப். இருந்தாலும் பாட்டிலைக் கையில் வாங்கி லேபிளைப் படித்துவிடுங்கள். சபையில் பேச்சு வர வேண்டாம் என்றால் அந்தப் பேரே இல்லாமல் புதினா சர்பத் என்று போர்டு வையுங்கள்.

எண்ணூர்: மொட்டை மாடியில் சரக்கு வைத்தால் யாருக்குத் தெரியும்?

மேலே பதில் இருக்கிறது.

திருவொற்றியூர்: பைனாப்பிள் மில்க் ஷேக், பப்பாளி மில்க் ஷேக் வைக்கலாமா?

வேகவைக்காமல் அப்படியே போட்டால் கொஞ்ச நேரத்தில் பால் கசக்கும், சில சமயம் திரியும். இரண்டிலும் பாலின் புரதத்தை உடைக்கிற நொதி இருக்கிறது. அரைத்த உடனே குடித்தால் தெரியாது, கவுண்டரில் அரை மணி நேரம் இருந்தால் தெரியும். பைனாப்பிளைச் சர்க்கரையோடு வேகவைத்து ஆறவைத்துப் போடலாம். பப்பாளியை விட்டுவிடுங்கள்.

காசிமேடு: அக்கா, மீன் ஐஸ் என்று ஏளனமாகச் சொல்கிறீர்கள். எங்கள் அப்பா ஐஸ் கம்பெனியில்தான் இருந்தார். எத்தனையோ கல்யாணத்துக்கு அந்த ஐஸ்தான் போயிருக்கிறது, யாருக்கு என்ன ஆனது?

ஏளனம் இல்லை தம்பி. அந்த ஐஸ் இல்லாவிட்டால் நாம் சாப்பிடுகிற வஞ்சிரம் கரைக்கே வராது. மீனுக்கு அது நல்ல ஐஸ். ஆனால் பாளத்தை அச்சிலிருந்து எடுத்ததும் என்ன செய்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். தரையில் சறுக்கி விடுவார்கள், கொக்கி போட்டு இழுப்பார்கள், மீன் பெட்டி ஏறி இறங்குகிற அதே வண்டியில் ஏற்றி சாக்கு போட்டு மூடுவார்கள். உடைக்கிற மிஷினை யார் கழுவுகிறார்கள்?

யாருக்கு என்ன ஆனது என்று கேட்டீர்கள். மஞ்சள் காமாலை கொடுக்கிற ஹெபடைடிஸ் ஏ கிருமி உடம்புக்குள் போய் நோய் தெரிவதற்கு 15 நாளிலிருந்து 50 நாள் வரை ஆகும். டைபாய்டுக்கு ஒன்றிலிருந்து மூன்று வாரம். விருந்துக்கு வந்தவர் ஒரு மாதம் கழித்துக் கண் மஞ்சளாகிக் கீழாநெல்லி தேடும்போது அந்த ரிசப்ஷன் ஜூஸ் ஞாபகத்துக்கு வருமா? நேற்று சாப்பிட்ட பரோட்டாவைத் திட்டிக்கொண்டிருப்பார்.

தண்டையார்பேட்டை: பாளத்தை நன்றாகக் கழுவிவிட்டு உடைத்தால்?

மேலே ஒட்டியது போகும். உள்ளே உறைந்திருக்கிற தண்ணீர் எந்தத் தண்ணீர் என்று கழுவினால் தெரியாது. உறைந்தால் கிருமி செத்துவிடும் என்று நினைக்காதீர்கள், நிறையக் கிருமி தூங்கும், கிளாஸில் கரைந்ததும் எழுந்துவிடும்.

காசிமேடு (மறுபடியும்): பாக்கெட் ஐஸ் மட்டும் வானத்திலிருந்து வருகிறதா? நீங்கள் பாக்கெட் ஐஸ் கம்பெனிக்கு ஏஜென்டா?

ஏஜென்ட் என்றால் இவ்வளவு நேரம் உங்களோடு மல்லுக்கு நிற்க மாட்டேன், கமிஷனை வாங்கிக்கொண்டு போயிருப்பேன். சீல் போட்ட பையில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கும். நாளைக்கு ஏதாவது என்றால் யாரைப் பிடிப்பது என்று தெரியும். பாளத்தில் யார் பேர் எழுதியிருக்கிறது? பாக்கெட் ஐஸிலும் எண் இல்லை என்றால் அதுவும் வேண்டாம். 600 பேருக்கு 40 கிலோ வந்தால் போதும், மண்டப வாடகைக்கு முன்னால் அது ஒரு காசே இல்லை.

புது வண்ணாரப்பேட்டை: காசிமேடு அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பாட்டிலைக் குளிர வைக்கவாவது பாள ஐஸ் எடுக்கலாமே?

எடுக்கலாம், மூடி போட்ட பாட்டிலுக்கு. கோலி சோடாவுக்கு வேண்டாம். டப்பில் கரைந்த தண்ணீருக்குள் பாட்டில் வாய் வரை முங்கி இருக்கும். கோலிக்கு மேலே அந்தப் பள்ளத்தில் ஒரு மடக்கு ஐஸ் தண்ணீர் நிற்கும், மீன் செதில் ஒன்று ஒட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை. கோலியைத் தட்டினதும் அது சோடாவோடு சேர்ந்து வாய்க்குத்தான் போகும். கோலி சோடாவை ஃப்ரீசர் பெட்டியில் நிற்க வைத்துக் குளிர வையுங்கள், திறப்பதற்கு முன் வாயைத் துடையுங்கள். பன்னீர் சோடா வைத்தால் பெரியவர்களும் வந்து நிற்பார்கள், 600 பேருக்கு 150 பாட்டில் போதும்.

ஐஸ் பஞ்சாயத்து இத்தோடு முடிந்தது.

மாதவரம்: புகை வருகிற டிரிங்க் வேண்டும் என்று மாப்பிள்ளை கேட்கிறார்.

வேண்டாம். அந்தப் புகைக்கு ஊற்றுகிற திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி, புகை அடங்குவதற்குள் விழுங்கினால் குடல் வெந்துவிடும். 2024-ல் பெங்களூருவில் ஒரு கல்யாண விருந்தில் புகை பீடா சாப்பிட்ட சிறுமிக்கு வயிற்றில் ஓட்டை விழுந்து ஆபரேஷன் செய்தார்கள். டிரை ஐஸும் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வேண்டாம், அதே வருடம் குருகிராமில் வாய் மணக்க என்று கொடுத்ததைத் தின்று ரத்த வாந்தி எடுத்தார்கள். மாப்பிள்ளைக்குப் புகைதான் வேண்டும் என்றால் மேடையில் மிஷின் வைக்கச் சொல்லுங்கள்.

கொடுங்கையூர்: சுகர் உள்ளவர்களுக்கு என்ன?

நீர்மோர். இளநீர் என்று எல்லாரும் சொல்வார்கள், அதிலும் சர்க்கரை உண்டு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியமும் ஆகாது.

மூலக்கடை: கப்?

பிளாஸ்டிக் கப், பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப், பிளாஸ்டிக் ஸ்ட்ரா எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தடை. வாடகை கண்ணாடி கிளாஸ் எடுங்கள், கழுவ இரண்டு பேரையும் சேர்த்து எடுங்கள்.

ஓட்டேரி: அக்கா, கார் டிக்கியில் வைத்து சரக்கு...

அடுத்த கேள்வி.

ராயபுரம், பெண்ணின் அம்மா: கவுண்டரை எங்கே போடச் சொல்லலாம்மா? வாசலிலேயே போடலாமா?

வாசலில் வேண்டாம்மா. சந்தனம், கற்கண்டு தட்டு இருக்கிற இடத்தில் பன்னீர் தெளிக்கிற பெண்களும் ஜூஸ் வரிசையும் முட்டிக்கொள்ளும். உள்ளே நுழைந்ததும் இடது பக்கமோ வலது பக்கமோ பத்தடி தள்ளி, ஃபேன் காற்று நேராக அடிக்காத இடமாகப் பாருங்கள். மேடைக்குப் போகிற கார்பெட் பக்கம் கூடவே கூடாது, ரோஸ் மில்க் கொட்டினால் பட்டுப்புடவைக்காரர்கள் வழுக்குவார்கள். காலி கிளாஸ் போட ஒரு டப்பை கவுண்டருக்குப் பக்கத்தில் வைக்காமல் பந்திக்குப் போகிற வழியில் வையுங்கள், குடித்துக்கொண்டே நடப்பார்கள், அங்கேதான் காலியாகும். தரை துடைக்க ஒரு ஆளைத் தனியாகச் சொல்லுங்கள். அவரைப் பந்திக்கு இலை போடக் கூப்பிடக் கூடாது என்று உங்கள் மச்சானிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.