துப்புக் கொடுத்தால் துட்டு வருமா?

கேள்வி: அமெரிக்கப் பங்குச்சந்தையில் பட்டியலான நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். நடக்காத விற்பனையை வருமானமாகக் காட்டுகிறார்கள். புகார் செய்தால் வெகுமதி உண்டாமே? என் பெயர் வெளியே தெரியுமா?

பதில்: உண்டு. 2010-ல் வந்த டாட்-ஃபிராங்க் சட்டப்படி, உங்கள் தகவலால் நடக்கும் வழக்கில் 10 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டால், வசூலாகும் தொகையில் 10 முதல் 30 சதவீதம் கிடைக்கும். நீங்கள் அமெரிக்கராக இருக்க வேண்டியதில்லை.

அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் (SEC) டிசிஆர் (TCR) என்ற புகார்ப் படிவத்தை இணையத்திலேயே நிரப்பலாம். ஆணையம் உங்களை விசாரிக்கக் கூப்பிடும் முன்பே கொடுத்துவிடுங்கள். கூப்பிட்ட பிறகு சொன்னால் அது ‘தானாக முன்வந்தது’ ஆகாது. ‘கணக்கில் தில்லுமுல்லு’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் கிடப்பில் போகும். எந்தக் காலாண்டு, எந்த பில், சரக்கு கிளம்பாமலே எந்தத் தேதியில் வரவு வைத்தார்கள் என்று எழுதுங்கள். நிறுவன வக்கீலின் கடிதங்களை மட்டும் அள்ளிக்கொண்டு போகாதீர்கள், அது வேறு வம்பு.

பெயரை மறைக்க வக்கீல் மூலமாகத்தான் புகார் போக வேண்டும். அப்படிப் போனாலும் பணம் வாங்கும் முன் ஆணையத்திடம் உங்களை அடையாளம் காட்டியாக வேண்டும். மேலதிகாரியிடம் முதலில் சொல்லியிருந்தால், 120 நாளுக்குள் ஆணையத்துக்கும் எழுதுங்கள். முதலில் சொன்ன தேதியே கணக்கில் வரும். ஆணையத்துக்கு எழுதாமல் வாயால் சொன்னதோடு நின்றால் இந்தச் சட்டத்தின் பழிவாங்கல் பாதுகாப்பு கிடைக்காது.

பலர் கோட்டை விடுவது கடைசியில்தான். வழக்கு முடிந்ததும் ஆணையம் தன் தளத்தில் அறிவிப்பு போடும். அன்றிலிருந்து 90 நாளுக்குள் வெகுமதி கேட்கும் டபிள்யூபி-ஆப் (WB-APP) படிவம் போய்ச் சேர வேண்டும். 91-வது நாள் போனால் பெரும்பாலும் வெறுங்கைதான்.