பாத்தி மண் ரோட்டுக்கு வருகிறதா? முதலில் கூரையைப் பாருங்கள்

கேள்வி: ஹட்டனுக்கு அருகே 7 பேர்ச் காணியில் வீடு. வீட்டுக்குக் கீழே சரிவில் போஞ்சியும் லீக்ஸும் போட்டிருக்கிறோம். ஒவ்வொரு மழைக்கும் பாத்தி மண் ரோட்டுக்கு வந்துவிடுகிறது. கருங்கல் சுவர் கட்டச் சொல்கிறார் மேசன் பாஸ். கட்டலாமா?

பதில்: பாஸுக்கு முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். மண்ணைத் தள்ளுவது நீர். அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் சுவர் எழுப்புவது வீண் செலவு. உங்கள் தகரக் கூரை 50 சதுர மீற்றர் என்றால், 50 மில்லிமீற்றர் மழைக்கு 2500 லீற்றர் நீர் அதிலிருந்து இறங்குகிறது. மழை பெய்யும்போதே குடையோடு போய்ப் பாருங்கள். தகரத்தின் ஒவ்வொரு நெளிவுக்கும் நேர் கீழே ஒரு குழி இருக்கும். குழியிலிருந்து விரல் அகலத்தில் கிளம்பும் கோடு, பாத்தியைத் தாண்டுவதற்குள் கையகல ஓடையாகியிருக்கும். கூரை ஓரத்தில் பீலி பொருத்தி, அந்த நீரைக் குழாய் வழியே ரோட்டுக் கானில் இறக்குங்கள். காணியை அளந்து கொடுப்பவர்கள் கூரை நீர் எங்கே போகும் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.

பிறகு, பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே திருப்புங்கள். ஓரங்களில் மானாப்புல்லை நெருக்கமாக நட்டு, வெட்டும் புல்லை மண்மேல் பரப்புங்கள். சுரண்டியால் நிலத்தை மொட்டையாக்காதீர்கள். நாற்று வியாபாரி கிளிரிசீடியாத் தடி விற்க வருவார். கீழ்நாட்டுக்கு அருமையான மரம்தான். ஹட்டன் குளிருக்குத் தேறாது.

சுவர் விஷயத்துக்கு வருகிறேன். நீர் வடியத் துளை விடாத சுவருக்குப் பின்னால் நீர் தேங்கி, சுவரையே தள்ளிவிடும். அதைவிடக் கேடு, அத்திவாரம் போடுகிறோம் என்று பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுவந்து சரிவின் அடியை வெட்டுவது. நாள் வாடகைக்கு வரும் பெக்கோ, வெட்டிவிட்டுப் போய்விடும். மேலே வீட்டில் இருப்பது நீங்கள்.

இவ்வளவும் மேல்மண் கரைவதைத் தடுக்கும் வழிகள். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாய்ந்து வரும் மரம், திடீரென்று கலங்கிப் பாயும் ஊற்று, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கதை வேறு. அது மண்சரிவின் அறிகுறி. அங்கே புல்லும் உதவாது, சுவரும் உதவாது. நீர் தேங்கும்படி குழியோ கானோ வெட்டவே கூடாது. நிலத்துக்குள் இறங்கும் நீர்தான் சரிவை இளக்குகிறது. மழை வலுத்தால், பொருட்களை எடுக்கவென்று நிற்காமல் உடனே வெளியேறுங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று மண்சரிவில் புதைந்த, பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டமும் முன்பே எச்சரிக்கப்பட்ட இடம்தான். கிராம உத்தியோகத்தரிடம் சொல்லி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனையைக் கேளுங்கள். எழுத்தில் கொடுத்து, திகதி முத்திரையோடு ஒரு பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது எந்தக் கோப்பிலும் ஏறாது.