வெள்ளக் கணக்கு

அன்புள்ள ஐயா,

கடலூரில் எம்.எஸ்சி. கணிதம் படிக்கிறேன். 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் எங்கள் வீட்டுக்குள் வந்தது. அப்போதிருந்து வெள்ளக் கணிப்பில் வேலை செய்யும் ஆசை. வீட்டில் பி.எட். போ என்கிறார்கள். வெள்ளக் கணிப்பெல்லாம் சிவில் இன்ஜினியர்கள் வேலை என்கிறார்கள் தோழிகள். எனக்கு அங்கே இடம் உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தாராளமாக உண்டு. நீர் எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு வேகத்தில் ஓடும் என்பதற்குப் பிரெஞ்சுக்காரர் செயின்ட் வெனான் 1871-இல் எழுதிய சமன்பாடுகள்தான் இன்றும் வெள்ளக் கணிப்பின் அடிப்படை. கடலையும் கரையையும் முக்கோணங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் கணினி அவற்றைத் தீர்க்கிறது. ஆழ்கடலில் முக்கோணம் கிலோமீட்டர் கணக்கில் இருக்கலாம். முகத்துவாரத்தில் சில பத்து மீட்டராகச் சுருங்க வேண்டும்.

பெரிய தலைவலி, காய்ந்த தரையில் தண்ணீர் ஏறும் விளிம்பு. அங்கே ஆழம் கிட்டத்தட்ட பூஜ்யம். வேகத்தைக் கண்டுபிடிக்க அந்த ஆழத்தால்தான் வகுத்தாக வேண்டும். கொஞ்சம் பிசகினால் ஆழமே மைனஸில் போய்விடும். உங்கள் கடற்கரையில், தேவனாம்பட்டினத்தில் எந்தத் தெரு வரை தண்ணீர் வரும் என்பது முடிவாவது இந்த விளிம்பில்தான். இதைச் சரிசெய்வது சுத்தமான கணித வேலை.

டெக்சஸில் கிளின்ட் டாசன் என்ற கணிதர் இருக்கிறார். அவருடைய வழிகாட்டி மேரி வீலர், பாறைக்குள் எண்ணெயும் நீரும் நகர்வதைக் கணக்கிட்டவர். டாசன் அந்தக் கணிதத்தைக் கடலுக்குக் கொண்டுபோய், புயலில் கடல் எவ்வளவு ஏறும் என்று கணிக்கிறார். நல்ல வழிகாட்டி தலைப்பைக் கொடுப்பதோடு நிற்பதில்லை; எங்கே போனாலும் கூட வரும் முறையைக் கொடுக்கிறார். நீங்கள் தேட வேண்டியது அப்படி ஒருவரை.

நம் ஊரில் வேலை நிறையக் கிடக்கிறது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரை கடந்தபோது அடித்தது காற்றும் கடலும். உங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வந்த 2024-இன் ஃபெஞ்சலிலோ புயல் கரையேறிய பிறகுதான், தென்பெண்ணையில் உள்ள சாத்தனூர் அணையின் தண்ணீர் வந்து சேர்ந்தது. ஆறு பெருகும் நேரத்தில் கடலும் ஏறியிருந்தால் வெள்ளம் வடிய வழியில்லை. ஆற்றையும் கடலையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கும் ஆட்கள், அதுவும் இந்தக் கரையைத் தெரிந்தவர்கள், நமக்கு அவசரமாக வேண்டும்.

வீட்டில் பயப்படுவது நியாயம்தான். நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி வாங்கினால் ஆய்வு செய்யும்போதே மாதாமாதம் உதவித்தொகை வரும் என்று சொல்லுங்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் புயலில் கடல் ஏறுவது பற்றி முன்னெச்சரிக்கை தருகிறது. இந்தப் படிப்புக்கு நாட்டில் வேலை இருக்கிறது என்பதற்கு அதையும் காட்டலாம்.

அப்புறம், இந்த மாதமே ஒன்று செய்யுங்கள். அணை திடீரென உடைந்தால் காய்ந்த தரையில் தண்ணீர் எப்படிப் பாயும் என்பதற்கு, ரிட்டர் என்பவர் 1892-இல் துல்லியமான விடை கொடுத்திருக்கிறார். அதே கணக்குக்குப் பைத்தானில் ஒரு நிரல் எழுதி, உங்கள் வரைபடத்தை அவருடையதோடு ஒப்பிடுங்கள். முன்விளிம்பில் இரண்டும் ஒத்துப்போகாது. எவ்வளவு விலகுகிறது, கணக்கிடும் கட்டத்தின் அளவைப் பாதியாக்கினால் என்ன ஆகிறது என்று எனக்கு எழுதுங்கள்.